சாயான் மலையில் ஒரு குடிசை

சைபீரியா என்றதும் உறைபனியும் நாடு கடத்தப்பட்ட கைதிகளுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. அப்பெருநிலத்தின் தென்பகுதியில், மங்கோலிய எல்லைக்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில், மேற்குச் சாயான் என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் மடிப்புகளில் பிறக்கும் அபகான் ஆறு வடக்கு நோக்கி இறங்கி, யெனிசேய் என்னும் பேராற்றில் கலந்து, அதனோடு ஆர்க்டிக் கடலைச் சென்றடைகிறது. இந்த அபகானின் தலைப்பகுதிக்கே வாசக அன்பர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சென்று வந்தோர் எழுதி வைத்தவற்றைத் துணையாகக் கொண்டு, மனத்தாலேயே நடப்போம்.

அபாசா என்னும் சிறு நகரத்தோடு இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆறுதான் பாதை. பாறைகளின் இடையே சீறி வரும் நீரை எதிர்த்து விசைப்படகில் பல நாள் செல்ல வேண்டும். அல்லது ஹெலிகாப்டர் கிடைக்க வேண்டும். இரு கரைகளிலும் ஊசியிலை மரங்களும் வெண்பட்டை பிர்ச் மரங்களும் அடர்ந்த காடு; கரடிகளின் நாடு. ஆண்டில் பெரும்பகுதி பனியின் ஆட்சி. அபகானோடு வந்து சேரும் எரினாத் என்னும் சிற்றாற்றின் அருகே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஒரு மலைச்சரிவில் நாம் நிற்கப் போகிறோம். மிக அருகிலிருந்த ஊருக்கு அங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர்.

1978-ஆம் ஆண்டுக் கோடையில், நிலவியல் வல்லுநர்களுக்காக இறங்குமிடம் தேடிப் பறந்த ஹெலிகாப்டர் ஓட்டி, இச்சரிவிலே உழவுச் சால்கள் போன்ற கோடுகளைக் கண்டு திகைத்தார். மனிதர் வாழ்வதாக எந்தப் பதிவும் இல்லாத இடம் அது. கலீனா பிஸ்மென்ஸ்கயா என்னும் பெண்மணியின் தலைமையில் வல்லுநர் சிலர் அன்பளிப்புகளோடு மலையேறினர். புகை படிந்து கறுத்த மரக்குடிசை ஒன்று. அதற்குக் கையளவே ஆன ஒரு சாளரம். தாழ்ந்த கதவைத் திறந்துகொண்டு, ஒட்டுப் போட்ட சாக்குத் துணி உடுத்திய முதியவர் ஒருவர் வெறுங்காலுடன் வெளியே வந்தார். அவர் பெயர் கார்ப் லிக்கோவ்.

இவர்கள் 'பழைய நம்பிக்கையினர்' எனப்படும் பிரிவைச் சார்ந்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ருசிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் மறைமுதுவர் நிக்கோன் வழிபாட்டு முறைகளைத் திருத்தியபோது, இரு விரலால் சிலுவை வரையும் பழைய வழக்கத்தைக் கைவிட மறுத்துப் பிரிந்தவர்களின் வழிவந்தோர். தாடிக்கு வரி விதித்த மன்னன் பீட்டரை, நேற்றுத்தான் தம்மைத் துன்புறுத்தியவனைப் போலக் கார்ப் கடிந்து பேசுவாராம். 1936-இல் தம் கண்ணெதிரே சகோதரரைப் பொதுவுடைமை ஆட்சியின் காவற்படையினர் சுட்டுக் கொன்றபோது, மனைவி அக்குலினாவையும் மகன் சாவினையும் மகள் நத்தாலியாவையும் கூட்டிக்கொண்டு அவர் காட்டுக்குள் மறைந்தார். திமித்ரியும் அகாஃபியாவும் காட்டிலேயே பிறந்தவர்கள். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் தவிர வேறு மனித முகம் காணாமலே வளர்ந்தவர்கள். ஓர் உலகப் போர் மூண்டு முடிந்ததுகூட இக்குடும்பத்திற்குத் தெரியாது.

இராட்டை ஒன்றைச் சுமந்து சென்றிருந்ததால் சணலை நூற்று ஆடை நெய்துகொண்டார்கள். உலோகப் பாத்திரங்கள் துருப்பிடித்து ஓட்டையானதும் பிர்ச் பட்டையில் கலங்கள் செய்தார்கள்; அவற்றை நெருப்பில் வைக்க இயலாது. நெருப்புக்குச் சிக்கிமுக்கிக் கல். பருவந்தவறிப் பெய்த பனி பயிரை அழித்த பஞ்சத்தில், தம் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்த அக்குலினா 1961-இல் பசியால் மரித்தார். தோட்டத்தில் ரை என்னும் தானியத்தின் ஒரே ஒரு முளை தப்பி நின்றது. எலியும் அணிலும் அண்டாதபடி இரவும் பகலும் அதைக் காவல் காத்து, பதினெட்டு மணிகளைப் பெற்று, அவற்றிலிருந்து மீண்டும் விளைச்சலை உண்டாக்கினார்கள். குடிசையைப் பார்த்ததும் 'நாகரிகமற்றவர்கள்' என்று சொல்ல எழும் நாக்கு இந்தப் பதினெட்டு மணிகளை எண்ணியாவது அடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இத்தகையோருக்கு இன்றைய பொருள்களை எப்படி விளக்குவது? வந்தவர்களுக்கு அதுவே வேலையாகிவிட்டது. முதலில் நீட்டியவற்றையெல்லாம், தங்களுக்கு அனுமதியில்லை என்று கூறிக் குடும்பத்தார் மறுத்தனர். உப்பை மட்டும் வாங்கிக்கொண்டனர். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உப்பில்லாமல் வாழ்ந்த நாற்பதாண்டுகளை உண்மையான வதை என்றார் கார்ப். உப்புக்கு எவரும் விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை. காலப்போக்கில் கத்தியும் தானியமும் எழுதுகோலும் தாளும் டார்ச் விளக்கும் அதே வழியில் உள்ளே வந்தன.

முதியவரை எல்லாவற்றினும் வியக்க வைத்தது ஒளி ஊடுருவும் செல்லோபேன் உறை. கண்ணாடிதான், ஆனால் கசங்குகிறதே என்று மாய்ந்துபோனாராம். இதில் நமக்கு ஒரு சிறு ஏக்கம் உண்டு. செல்லோபேன் மரக்கூழிலிருந்து செய்யப்படுவது. அவர் குடிசையைச் சூழ்ந்து நின்ற மரங்களிலுள்ள அதே நார்ப்பொருள், கரைக்கப்பட்டு மெல்லிய ஏடாக வார்க்கப்படுகிறது. "பெரியவரே, இதுவும் மரந்தான்" என்று எவரேனும் சொல்லியிருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

செயற்கைக்கோளை விளக்க வேண்டிய தேவையே பெரிதாக எழவில்லை. விண்மீன்கள் சில வானத்தில் விரைந்து ஓடத் தொடங்கியதை 1950-களிலேயே கார்ப் கவனித்திருந்தார். முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4-ஆம் நாள். அந்தியில் தரை இருண்ட பின்னும், அத்தனை உயரத்தில் செல்லும் பொருளின் மீது கதிரவன் ஒளி பட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கொளியே இல்லாத காட்டு வானில் அது தெளிவாகத் தெரியும். மனிதர் ஏதோ தீயைச் செய்து விண்மீன் போல அனுப்புகிறார்கள் என்று அம்முதியவர் தாமே ஊகித்தார். மூத்த மகன் சாவினோ அதைக் கேட்டு நகைத்தான். நிலவில் மனிதர் கால் வைத்ததை மட்டும் கார்ப் கடைசிவரை நம்பவில்லை. தாம் கண்ணால் கண்டதற்கு அவர் காரணம் தேடினார். காணாததைப் பிறர் சொல்லுக்காக ஏற்க அவர் ஆயத்தமாக இல்லை.

திமித்ரியின் வழி வேறு. வல்லுநர்களின் முகாமில் வட்ட ரம்பமும் கடைசல் இயந்திரங்களும் இருந்தன. தான் ஓரிரு நாள் பாடுபட்டுச் செதுக்கும் மரம், கண்ணெதிரே நேர்த்தியான பலகைகளாகி விழுவதை அவன் நெடுநேரம் நின்று பார்ப்பான். பலகையின் மதிப்பறிந்த கைக்கு ரம்பம் தன்னைத்தானே விளக்கிக்கொண்டது.

தொலைக்காட்சி அப்படியல்ல. கார்ப் அதன் நேர் எதிரே அமர்ந்து பார்ப்பார். பின்னர் அந்தப் பாவத்திற்காகக் கருத்தாய்ச் செபிப்பார். அகாஃபியா கதவுக்குப் பின்னிருந்து தலையை நீட்டிப் பார்த்து, உடனுக்குடன் சிலுவை வரைந்து முணுமுணுப்பாள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆயினும், மாலைச் செபத்தை நாடகத் தொடருக்காகத் தள்ளிவைக்கும் நம் வீடுகளில், மனச்சான்று அந்த அளவேனும் உறுத்துகிறதா?

கற்பித்தல் ஒருபுறமாகவே நடந்ததாகவும் எண்ண வேண்டாம். நாட்காட்டி இல்லாத அக்குடிசையில், உலகப் படைப்பிலிருந்து எண்ணும் பழைய முறைப்படி அது 7486-ஆம் ஆண்டு. வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது நாள் கணக்கில் பிழை காணவில்லை.

1981-ஆம் ஆண்டில் சாவினும் நத்தாலியாவும் திமித்ரியும் அடுத்தடுத்து மரித்தனர். முதல் இருவரின் சிறுநீரகங்கள் செயலிழந்ததற்கு, நெடுங்காலம் உண்ட கடும் உணவே காரணம் என்பது பலர் கருத்து. திமித்ரிக்கு நுரையீரல் அழற்சி. ஹெலிகாப்டர் வரவழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம் என்று நண்பர்கள் மன்றாடினர். அது தங்களுக்கு ஆகாது, மனிதன் ஆண்டவர் அளந்த அளவே வாழ்வான் என்று கூறி அவன் கண்மூடினான். நோயில்பூசுதலையும் மருத்துவரையும் ஒரே வாசல் வழியாக வீட்டிற்குள் அழைக்கும் நமக்கு இம்முடிவு ஏற்கத்தக்கதாய் இல்லை. ஆனால் ரம்பத்தின் முன் மயங்கி நின்றவன் அதே திமித்ரி. ஹெலிகாப்டர் என்னவென்று விளங்காமல் அவன் மறுக்கவில்லை. நன்கு விளங்கியே மறுத்தான்.

அவ்வாண்டிற்குப் பின்னர் 1982-இல் வசீலி பெஸ்கோவ் என்னும் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரைகளால் இக்குடும்பத்தை நாடே அறிந்தது. 1988 பிப்ரவரி 16-ஆம் நாள் கார்ப் மரித்தார். மலைச்சரிவில் தந்தையை அடக்கம் செய்த அகாஃபியா, வெளியுலகில் குடியேற மறுத்து அங்கேயே தங்கிவிட்டாள். ஆட்டையும் கோழியையும் ஏற்றுக்கொண்டாள். கோதுமை மாவையும் ஏற்றுக்கொண்டாள். கடைப் பொட்டலங்களில் அச்சிட்ட கோட்டுக் குறியீட்டை மட்டும் அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்றே அஞ்சி ஒதுக்கினாள். பொருளின் விலையைக் கருவி படித்தறியும் குறிதான் அது என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

2016 சனவரியில், எழுபத்தோராம் வயதில், அவளுக்குக் காலில் கடும் வலி கண்டது. ஆபத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த, செயற்கைக்கோள் வழியே பேசும் தொலைபேசியை அவள் எடுத்தாள். தந்தை பார்த்துப் பார்த்து ஊகித்த அந்த ஓடும் விண்மீன்களின் இனத்தைச் சேர்ந்த ஒன்று அவள் குரலை ஏந்திச் சென்றது. ஹெலிகாப்டர் வந்தது, தமையன் ஏற மறுத்த வாகனத்தில் தங்கை ஏறினாள். மருத்துவமனையில் சில நாள் இருந்து வலி தணிந்ததும், ஆடுகள் காத்திருக்கும் என்று கூறித் தன் மலைக்கே திரும்பினாள்.