ஐந்தரை மணி இட்லி

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தோட்ட வீட்டில் மூன்று நாள் தங்கிப் படிக்கும் முகாம் நடத்தினேன். கத்தார்களைப் பற்றி. பிரான்சின் தென்பகுதியில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறித்தவப் பிரிவினர். உலகைப் படைத்தது நல்ல கடவுள் அல்ல என்றார்கள். அவர்களின் துறவிகள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடவில்லை. போப்பாண்டவர் அவர்கள்மேல் சிலுவைப்போர் அறிவித்தார். 1209இல் பெசியே நகரம் எரிந்தது. 1244 மார்ச் 16 அன்று மோன்செகூர் மலையடியில் இருநூறுக்கும் மேற்பட்டோரை உயிரோடு கொளுத்தினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நாளிலிருந்து இந்தக் கதை என்னை விடவில்லை. அந்த மலையைப் பார்ப்பதற்கென்றே இரண்டு முறை விமானம் ஏறியிருக்கிறேன்.

வில்லியனூரில் என் தெருவிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் முகாமுக்கு வந்திருந்தார். ஒன்பது வருடப் பழக்கம். காலையில் சேர்ந்துதான் நடப்போம். முகாமில் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு. அவர் மட்டும் ஐந்தரைக்கே சமையற்கட்டுக்குப் போய் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை.

கடைசி நாள் எந்துரா பற்றிப் பேசினேன். கத்தார்களில் சிலர் சாகும் தறுவாயில் உணவை விட்டு உயிர் துறந்த நோன்பு அது. பேச்சு அப்படியே, அதேபோல் உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் வழக்கமுள்ள சமணர்களிடம் வந்தது. மதுரையில் எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றியதாகப் பெரியபுராணம் சொல்வதைச் சொன்னேன். "கத்தார்களைப் போலவே தமிழ்ச் சமணர்களும் சுவடில்லாமல் போய்விட்டார்கள்" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் பையோடு வந்து நின்றார்.

"சார், நாங்க நயினார், தமிழ்ச் சமணர்தான். பூர்வீகம் மேல்சித்தாமூர்ப் பக்கம். எங்க மடம் அங்கதான் இருக்கு. எங்க அம்மா இன்னைக்கும் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவாங்க."

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார்.

சுருட்டிய வரைபடம் கையிலேயே இருந்தது. அந்த ஐந்தரை மணி இட்லி. எத்தனை முறை அவரை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் "இன்னொரு நாள் பார்க்கலாம் சார்." நடக்கும்போது சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியிலிருந்து பாட்டுப் பாட்டாகச் சொல்வார், தமிழாசிரியர் என்பதால் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். 1887இல் அந்த நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அதற்கு முன் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்கே போய்ச் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். இது எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்த மாதம் தனியாகச் செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றுக்குப் போனேன். பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. எந்துராவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிய நான், இந்தக் குன்றின் பெயரை முகாமில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நண்பர் இப்போது வேறு நேரத்தில் நடக்கப் போகிறார். எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், நிற்பதில்லை. மேல்சித்தாமூர் மடத்துக்கு என்னையும் ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லி அவரிடம் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.