மஞ்சளும் வெயிலும்

வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்புக்கு மசியாது. எங்கள் ஓட்டப்பிடாரம் வெயிலில் ஒரு பகல் காயப்போட்டால் வெளிறிவிடும். ஒளியோடு வினைபுரியும் சாயம் மஞ்சள்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு, குயினைனைப் பிரித்தெடுத்த பெல்தியே தெரிந்த பெயர். அவரும் வோகெலும்தான் 1815இல் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினையும் பிரித்தெடுத்தார்கள். அது நீல ஒளியை உறிஞ்சி, அந்தச் சக்தியைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. உக்கிரமான அந்த ஆக்சிஜன் கிருமியின் சவ்வு, புரதம் என்று எல்லாவற்றையும் தாக்கும். ஆன்டிபயாடிக்குக்குத் தப்பப் பழகிய கிருமிக்கும் இதற்குத் தப்புவது கடினம். பிரேசிலில் பல் மருத்துவ ஆய்வாளர்கள் குர்குமினையும் நீல விளக்கையும் வைத்து வாய்க் கிருமிகளைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தேடிப் படித்தது என் மனைவியின் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணுக்காக. இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றியும் ஆறவில்லை. "மஞ்சளை அரைச்சுப் போட்டு வெயில்ல காட்டுங்க அண்ணாச்சி" என்கிறார்கள் தெருக்காரர்கள். நான் போடவில்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் 100க்கு 3 பங்கு அளவே. அது தண்ணீரில் கரையாது. நீல ஒளியும் தசைக்குள் ஆழமாக இறங்காது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு உறைக்காது. வெயிலே கொப்புளம் போட்டுவிடும்.

ஆராய்ச்சி மருந்தாக வரட்டும். அதுவரை கட்டு மாற்ற வாரம் இரண்டு முறை தூத்துக்குடி பஸ்தான்.