வீட்டுக் கணினிக்கு வந்த தவணை

2025ஆம் ஆண்டுச் சரசுவதி பூசையன்று எமது வீட்டுச் சுவாமி அறையில் நூல்களோடும் பேனாக்களோடும் மடிக்கணினி ஒன்றும் இருந்தது. முந்திய ஆண்டுகளிலும் இருந்ததுதான். அதன் மூடியிற் சந்தனப் பொட்டும் அதன்மேற் குங்குமமும் இட்டு, அவலும் கடலையும் படைத்துப் பூசையை நிறைவேற்றினோம். மறுநாள் விசயதசமி. மங்கலமாக ஒரு வரி எழுதுவோம் என்று காலையில் அதனைத் திறந்தபோது, எழுத இடங்கொடாமல் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஓர் அறிவித்தல் நின்றது. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான ஆதரவு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுறும் என்பதே அதன் சாரம். எண்ணிப் பார்த்தோம், பன்னிரண்டு நாட்களே இருந்தன.

"உதை மூடிப்போட்டு எழுதுங்கோ அப்பா. ஒவ்வொரு நாளும் வாறதுதானே" என்றான் மகன். அவனுக்கு அது பழகிப்போயிற்று. எமக்கோ வங்கியிலிருந்து தவணைக் கடிதம் வந்தாற்போல இருந்தது.

பணிசெயல் முறைமை என்பது யாது என வீட்டில் உள்ளோர் கேட்டால் நாம் கலியாண வீட்டை உதாரணங் காட்டுவது வழக்கம். அடுப்படியிற் சிலர், பந்தலிற் சிலர், பந்தி பரிமாறச் சிலர் என்று பலர் இருப்பினும், யார் எப்போது எதைச் செய்வது என்று பங்கிட்டு விடுகின்ற பெரியவர் ஒருவர் வேண்டும் அன்றோ? வன்தட்டு, விசைப்பலகை, அச்சுப்பொறி, நாம் எழுதப் பயன்படுத்தும் மென்பொருள் ஆகிய யாவற்றுக்கும் அத்தகைய பெரியவரே பணிசெயல் முறைமை. 2015 யூலை மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 10 பத்தாண்டுகள் அவ்வேலையைப் பார்த்தது. அடுத்த முறைமையான விண்டோஸ் 11, 2021 ஒக்டோபரில் வெளிவந்தது.

ஆதரவு முடிவது என்றால் கணினி அன்றைக்கே நின்றுவிடும் என்பதன்று. அது முன்போலவே இயங்கும், எழுதலாம், அச்சிடலாம். ஆனால் முறைமையிற் புதிதாக ஓட்டை காணப்படின் அதனை அடைத்துத் தரும் இலவசத் திருத்தங்கள் வழக்கம்போல வாரா. இதைக் கேட்டவுடன், "வீடு ஒழுகினால் அப்போது பார்த்துக்கொள்வோம்" என்றே முதலில் எண்ணினோம். ஆசிரியர் சம்பளத்திற் குடும்பம் நடத்துவோர்க்கு இயல்பாக வரும் எண்ணம் அது. எனினும் 2017 மே மாதத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. 'வனாக்கிறை' என்னும் தீநிரல் அம்மாதம் 12ஆந் திகதி பரவத் தொடங்கி, ஏறக்குறைய நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணங் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க வைத்தியசாலைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இதிற் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதனைப் பொருத்தாதோரே பெரிதும் அகப்பட்டனர். எமது கணினியில் வைத்தியசாலை இல்லை. ஆயினும் மாணவர் புள்ளிகள் உள. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் உள. அவற்றினும் மேலான வேறொன்றும் உளது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

சரி, புதிய முறைமைக்கே மாறிவிடுவோம் என்று, கணினி அதற்குத் தகுதியுடையதா எனச் சோதிக்கும் மென்பொருளை இயக்கினோம். தகுதியில்லை என்று ஒரே சொல்லிற் பதில் வந்தது. விண்டோஸ் 11க்கு 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் போதும். அவை எம்மிடம் இருந்தன. ஆனால் இன்டெல் செயலியாயின், சிற்சில விதிவிலக்குகள் நீங்க, எட்டாந் தலைமுறை தொட்டே ஏற்றுக்கொள்ளப்படும். நாம் 2017இல் வாங்கியதோ ஏழாந் தலைமுறை. ஒரு தலைமுறையால் வரிசைக்கு வெளியே நின்றோம். இதனோடு, இரகசியத் திறப்புகளைப் பாதுகாத்து வைக்கும் டீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் வேண்டுமாம். பழுதடையாத பொருளைப் பயனற்றது என ஒதுக்க எம் மனம் இசையவில்லை. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் தேய்ந்திருந்தன, அவ்வளவே.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்பீர்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை இந்நாட்டில் எந்தக் குடும்பமும் மறந்திராது. அதன்பின் சிறிது இறங்கிற்றெனினும் பழைய இடத்துக்கு வரவில்லை. டொலரில் வரும் பொருளின் விலையும் அப்படியே. "பெடியன்ரை ரியூசன் காசு, கூரை ஓடு மாத்திற காசு எல்லாத்தையும் வைச்சிட்டு இதையோ வாங்கப் போறியள்?" என்று மனைவியார் கேட்டார். பதில் சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்நிலையில் எம்மிடம் முன்னர் உயர்தர வகுப்பிற் படித்து, பின்பு கணினித் துறையிற் புகுந்த மாணவன் ஒருவன் வந்தான். "சேர், அது சின்ன வேலை. அந்தச் சோதனையைத் தாண்டி ஏத்திற வழி இருக்கு" என்றான். இருக்கத்தான் செய்கிறது. ஆயின் தகுதியற்ற கணினியில் அவ்வாறு ஏற்றினால் பின்வரும் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. வேறொரு வழியையும் அவன் சொன்னான். வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கும். அதற்குக் கட்டணம் 30 டொலர், அல்லது மைக்ரோசொப்ட் கணக்கொன்றில் எமது அமைப்புகளைச் சேமித்துவைக்க இணங்கினால் இலவசம். ஓராண்டு தவணை கிடைத்தது என்று மகிழ்ந்தோம். "எதுக்கும் உங்கடை லைசென்சை ஒருக்காப் பாப்பம் சேர்" என்று அவன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான்.

அங்கே, எமது விண்டோஸ் 'உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தற் சேவை'யைக் கொண்டு செயற்படுத்தப்பட்டுள்ளது என்று கண்டிருந்தது. நிறுவனமா? நாமும் மனைவியாரும் மகனுமே எமது நிறுவனம். மாணவன் சிறிது தயங்கிப் பின் விளக்கினான். பெரிய நிறுவனங்கள் பல கணினிகளுக்கு ஒருமிக்க உரிமம் பெறும் முறையைப் போலியாகக் காட்டி, வாங்கிய கடையில் யாரோ கள்ளப் பிரதியை ஏற்றியிருக்கிறார்கள். எட்டு ஆண்டுகள் நாம் அதிலேதான் எழுதினோம். பரீட்சை மண்டபத்திற் பார்த்தெழுதுவது களவு என்று ஒவ்வொரு தவணையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அவ்வாறு சொன்ன வினாத்தாள்களும் அதிலே அச்சானவை. கடைக்காரர்மேற் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் வாங்கியபோது ஏன் இத்துணை மலிவு என்று நாமும் கேட்கவில்லை; உரிமத் துண்டு எங்கே என்றும் கேட்கவில்லை. அன்றிரவு சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பது உண்மை. கள்ளப் பிரதிக்கு நீடிப்புத் தவணை கேட்டு எம் பெயரைப் பதியவும் கை எழவில்லை.

இனி, மேலே சொல்லாமல் விட்டதைச் சொல்லுவோம். எமது தந்தையார் ஊரிலுள்ள முதிய பெண்களிடங் கேட்டு, தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அரிவிவெட்டுப் பாடல்களையும் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுதும் வெளியேறியபோது அக்கொப்பிகள் அலுமாரியிலேயே இருந்துவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. 2004ஆம் ஆண்டில் அவர் நினைவிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல, புதிதாகப் பட்டம் பெற்றிருந்த நாம் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில், பாமினி எழுத்துருவில், மாலைதோறும் தட்டெழுதினோம். நூற்றுப் பத்துப் பக்கங்கள் வந்தன. நூலாக்க வசதி வரவில்லை; அவரும் காலமானார். கணினிக்குக் கணினி அக்கோப்புகளைக் கொண்டுவந்தோம். மற்றையவை போயினும் அவை போகலாகாது.

பாமினியைப் பற்றி இளைய வாசகர்க்கு ஒரு வார்த்தை. அதில் எழுதப்பட்ட தமிழ் உண்மையிற் கணினிக்குத் தமிழன்று. 'அப்பா' என்று நாம் காண்பது அதனுள்ளே எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச் என்னும் ஐந்து குறிகளாகவே கிடக்கிறது. அவற்றின்மேற் பாமினி என்னும் வேடத்தை அணிவித்தாலன்றித் தமிழ் தோன்றாது. வேடம் கலைந்தால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். யுனிகோட்டில் அவ்வாறன்று, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனக்கென ஓரெண் உண்டு. எனவே எம் முன் நின்ற கேள்வி பத்தா பதினொன்றா என்பது மட்டுமன்று. தந்தையார் சொன்னவை எந்த முறைமையிலும் திறக்கத்தக்க உருவில் எம்மிடம் இல்லை என்பதை அந்த அறிவித்தலே எமக்குக் காட்டிற்று.

முடிவாக நாம் தெரிந்துகொண்டது லினக்ஸ். எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினஸ் டோர்வால்ட்சு என்பவர் 1991இல் தொடங்கி வைக்க, உலகெங்குமுள்ளோர் சேர்ந்து வளர்த்த முறைமை அது. இலவசமாகப் பெறலாம், பிறருக்குக் கொடுக்கலாம், களவு என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. அதன் வகைகளில் ஒன்றாகிய லினக்ஸ் மின்ட் 22, 2024இல் வெளிவந்தது. 2029 வரை திருத்தங்கள் உண்டு. எமக்கு மிகப் பிடித்தது, கணினியிலுள்ள எதனையும் தொடாமல் பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம் என்பது. ஒரு போயா விடுமுறை நாளில் மாணவன் அவ்வாறு இயக்கிக் காட்டினான். ஏழாந் தலைமுறை என்று எவரும் குறை கூறவில்லை. முன்னையிலும் விரைவாகவே ஓடிற்று.

இன்னல் இல்லாமலும் இல்லை. அச்சுப்பொறியை இணங்க வைக்க இரண்டு மாலைகள் சென்றன. லிப்ரே ஒப்பீஸ் என்னும் மென்பொருளில் எமது பழைய வினாத்தாள்கள் திறந்தனவாயினும் வரிகள் இடம்பெயர்ந்து, இரண்டு பக்கத் தாள் மூன்று பக்கமாயிற்று. மகனுடைய விளையாட்டு ஒன்று ஓடவில்லை. அதனை நாம் நட்டக் கணக்கிற் சேர்க்கவில்லை. பேஜ்மேக்கர் கோப்புகளோ திறக்கவே இல்லை. ஆதலாற் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை மாத்திரம் வாங்கி அதில் லினக்சை நிறுவி, பழைய வன்தட்டைக் கழற்றி உறையிலிட்டு அலுமாரியில் வைத்தோம். தந்தையாரின் பக்கங்களை வெளியே எடுக்கவேண்டியபோது மட்டும் அதனை மீளப் பொருத்தி, இணையத் தொடர்பின்றி இயக்குகிறோம். அதிலுள்ளது இன்னமும் கள்ளப் பிரதிதான். பேஜ்மேக்கரும் நாம் காசு கொடுத்து வாங்கியதன்று. கடைசிப் பக்கம் வெளிவரும்வரை அதனை அழிக்க மனம் வரவில்லை. இது சரியா பிழையா என்று மாணவர் எவரேனும் கேட்டால், பிழை என்றே சொல்லுவோம்.

பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றிகள் இலவசமாக உள. ஆயினும் அவற்றை முழுதும் நம்புவதற்கில்லை. பாமினியிற் 'கொ' எழுதும்போது கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் காலை இறுதியிலும் தட்டினோம். யுனிகோட்டில் மெய்யே முதலில் நிற்கும், உயிர்க்குறி பின்னே வரும். ஒரு கொம்பு இடந் தவறினால் அடுத்த எழுத்து அதனை எடுத்துக்கொள்கிறது. எனவே இரவுச் சாப்பாட்டின் பின் நாமும் மகனும் இருந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுகிறோம். அவன் பழைய அச்சுத் தாளைப் பார்த்து வாசிக்க, நாம் திரையிற் சரிபார்க்கிறோம். அரிவிவெட்டுப் பாடல்களில் வரும் சொற்கள் பல அவனுக்குப் புதியவை. 'சூடு' என்றால் வெப்பம் என்று மட்டுமே எண்ணியிருந்தான். அரிந்த நெற்கதிர்களைக் குவித்து வைக்கும் போர் என்று சொன்னதும் சிரித்தான்.

நாற்பத்திரண்டு பக்கங்கள் முடிந்துள்ளன. நாற்பதாம் பக்கத்துத் தாலாட்டொன்றில் நான்கு புள்ளிகள் கிடந்தன. மாற்றியின் பிழை என்று மகன் அழிக்கப் போனான். பழைய தாளிலும் அவை இருந்தன. அன்று மாலை தந்தையார் அந்தச் சொல்லில் நின்று, நெடுநேரம் கண்ணை மூடியிருந்து, "வருதில்லைத் தம்பி, இடம் விட்டிட்டுப் போ" என்றது எமக்கு நினைவிருக்கிறது. கனடாவிலிருக்கும் தமக்கையாருக்குத் தொலைபேசியிற் பாடிக் காட்டினோம். அவரும் அதே இடத்தில் நின்றார். புள்ளிகள் நான்கையும் யுனிகோட்டில் இட்டு, அடுத்த வரிக்குச் சென்றோம்.