படத்தின் பின்பக்கம்

நம் தலைமுறையைப் போல் படம் எடுத்துக் குவித்த தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை. கழகத்தின் பொங்கல் விழா ஒன்று நடந்தால் போதும். மறுநாளே புலனக் குழுவில் முந்நூறு படங்கள் வந்து சேர்ந்துவிடும். கோலம், பானை, வேட்டி, சேலை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து அவற்றைப் பார்க்கும் ஒரு புதிய மாணவருக்கு, நிற்பவர் யார், எந்த ஆண்டு, எந்த மண்டபம் என்று தெரியுமா?

புகைப்படம் கல்விக்கும் ஆய்வுக்கும் ஊடகத்துக்கும் பெருந்துணை என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். நான் சொல்ல வருவது அதைவிடச் சிறிய செய்தி. யார், எங்கே, எப்போது என்ற மூன்று விவரங்களும் படத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அந்தத் துணை முழுமையாகக் கிடைக்கும். எழுதப்படாத படம் சில காலம் நினைவாக இருக்கும். நினைத்தவர் மறைந்தபின் வெறும் தாளாகிவிடும்.

நான் பிறையைச் சேர்ந்தவன். எங்கள் ஊருக்கு எதிர்க்கரையிலுள்ள பினாங்குத் தீவுக்கும் புகைப்படக்கலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் என்ற புகைப்படக் கலைஞர் 1862இல் இந்தப் பக்கம் வந்தார். பினாங்கிலும், அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட எங்கள் செபராங் பிறையிலும் சுமார் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். மனிதக் கை படாமல் உருவம் பிடிக்கும் இந்த வேலையைப் பேய் வேலை என்று கருதிச் சீனர்கள் ஒதுங்கினார்களாம். எனவே அவர் சென்னைப் பக்கத்து ஆட்கள் இருவரைப் பழக்கி, அச்சிடுபவர்களாகவும் உதவியாளர்களாகவும் வைத்துக்கொண்டார்.

அன்றைய வேலை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடிக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் இருட்டறையில் கழுவி உருவத்தை வெளிக்கொண்டு வரவும் வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பிறகு முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில், சூரிய ஒளியில் அச்சிட வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப் போகும்.

இவ்வளவு வேலையையும் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுத் தேர்ந்த இருவர் நம் பக்கத்து மனிதர்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெருமை உண்டாயிற்று. ஆனால் அந்த இடத்தில் தாம்சன் அவர்களின் பெயரை எழுதவில்லை. தாம்சன் படங்கள் இன்று உலகின் பெரிய காப்பகங்களில் உள்ளன. அந்த இருவரின் வழித்தோன்றல்கள் நம் பல்கலைக்கழகத்திலேயே படித்துக்கொண்டிருக்கலாம்; அவர்களுக்கே அது தெரியாது.

கடலுக்கு அப்பால், தமிழகத்திலும் அதே காலத்தில் புகைப்படம் ஆய்வுக்கு வந்துவிட்டது. சென்னை அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றாக ஒட்டினார். அதன் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். கோயிலுக்குப் போகாமலேயே கல்வெட்டைக் காண அது வழி செய்தது.

படம் சான்றாக நின்று வென்ற கதையும் உண்டு. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் படமெடுத்து, இடமும் காலமும் குறித்துச் சேர்த்து வைத்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் சிலை களவுபோய், 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் 50 இலட்சம் அமெரிக்க டாலர் அளவில் விலைக்கு வாங்கப்பட்டது. விற்றவர் காட்டிய பழைய தாள்கள் போலியானவை. 1994இல் அதே சிலையைக் கோயிலில் வைத்து எடுத்த படம் புதுச்சேரியில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்தப் படம் அழகாக இருந்ததால் இது நடக்கவில்லை. எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒருவர் பொறுமையாகக் குறித்து வைத்ததால் நடந்தது.

சிலைக்குக் கிடைத்த இந்த மரியாதை மனிதர்களுக்குக் கிடைத்ததா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் இருந்த மக்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகம் இன்றும் அறிவது அந்தப் படங்களால்தான். பசித்தவர்களைக் காட்சிப்பொருளாக்கினார் என்ற கண்டனமும் அவர்மீது உண்டு. அந்தப் படங்களில் இருப்பவர்கள் நமக்கு 'பஞ்சத்தில் அடிபட்டவர்கள்' மட்டுமே. அக்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கி, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் பலர். அந்தப் படங்களைப் பார்க்கும்போது, இவர்களில் யாருடைய உறவினர் இந்தக் கரைக்கு வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்களை எடுத்துக்கொள்வோம். தலைவர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கும். சாதாரண மனிதரின் படம் முழுப்பெயரோடும், பிறந்த நாளோடும், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பட்டியலோடும் வருவது பெரும்பாலும் நினைவாஞ்சலிப் பக்கத்தில்தான். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்களின் நினைவாஞ்சலிகளை யாரேனும் தொகுத்தால், அதுவே தோட்டப்புற மக்களின் குடும்ப வரலாறாக அமையும். ஆய்வுத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

இன்னொரு வகைப் படமும் உண்டு. 1948இல் அவசரகாலம் தொடங்கியபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று அரசு அடையாள அட்டையைக் கொண்டு வந்தது. எங்கள் பூட்டியின் இளமைக்காலப் படம் என்று வீட்டில் இருப்பது அந்த அட்டைக்காக எடுத்தது ஒன்றுதான். பயந்த முகம், சிரிப்பே இல்லை. ஆனால் யாரென்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மக்களைக் கண்காணிக்க எழுதி வைத்த பெயர்தான் இன்று எங்களுக்குச் சொத்தாக மிஞ்சியிருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். படத்திலிருப்பவர்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் வரலாற்றுப் பாடத்துக்கு உள்ளூர் வரலாறு பற்றிய இடுபணி ஒன்று செய்தேன். பாடநூலில் பால்மரம் வெட்டும் பெண்ணின் படத்துக்குக் கீழே 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் இருந்தது. பக்கத்து வகுப்பு நண்பர்களுக்கு அது ஒரு விளக்கப்படம். எனக்கு அது பாட்டி செய்த வேலை. அன்றுதான் வீட்டிலிருந்த பழைய தோட்டப் படத்தை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன்.

1963இல் எடுத்த படம். 34 பேர் இருக்கிறார்கள். நடுவில் நாற்காலியில் துரை, பக்கத்தில் கிராணி, பின்னால் ஆண்கள், தரையில் பெண்களும் பிள்ளைகளும். துரை பெயரும் கிராணி பெயரும் மட்டும் அட்டையின் ஓரத்தில் தட்டச்சாகியிருந்தன. தரையில் இரண்டாவதாக உட்கார்ந்திருந்த பதினைந்து வயதுப் பெண் எங்கள் பாட்டி.

சென்ற ஆண்டு அந்தப் படத்தை ஒளிவருடி, பெரிதாக்கிப் பாட்டி முன் வைத்தேன். பாட்டிக்கு இப்போது 77 வயது.

"இது யாரு பாட்டி?"

"மேட்டு லயத்து அத்தைடா."

"பேரு என்ன?"

"அத்தைய யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டா? மூனாம் நம்பர் வீடு. பிரசவம்னா அவங்கதான் வருவாங்க. உங்க தாத்தாவையே அவங்கதான் எடுத்தாங்க."

இப்படியே நான்கு நாள் மாலையில் உட்கார்ந்தோம். துரை, கிராணி உட்பட 21 பேருக்குப் பெயர் கிடைத்தது. எட்டுப் பேர் அத்தை, பெரியம்மா, மாமா என்ற உறவுமுறையோடும் லயத்து வீட்டு எண்ணோடும் நின்றார்கள். ஐந்து பேரைப் பாட்டியால் சொல்ல முடியவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. லயமும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. அந்தத் தோட்டத்துக்குப் பெயர் சொல்லும் பதிவேடாக எங்களுக்கு மிஞ்சியிருப்பது பாட்டியின் நினைவு ஒன்றுதான்.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது பழைய படப்பெட்டியைத் திறந்து பெரியவர்கள் முன் வையுங்கள். அச்சிட்ட படமானால், மை ஊறாதபடி பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் உறவுமுறையை எழுதுங்கள். லயத்து எண்ணை எழுதுங்கள். சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பதையும் குறியுங்கள். படத்தின் இரு பக்கங்களையும் ஒளிவருடிச் சேமியுங்கள். கைப்பேசிப் படமானால் கோப்பின் பெயரிலேயே ஆளையும் ஊரையும் ஆண்டையும் சேருங்கள். நம் கழகமும் இவ்வாண்டு விழாப் படங்களிலிருந்து இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம். கேமராவைப் பிடித்தவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பினாங்கின் அந்த இருவருக்கு நேர்ந்தது போதும்.

எங்கள் படத்தில் இன்னும் ஐந்து பேர் மீதமிருக்கிறார்கள். பாட்டியோடு ஒரே நிரையில் மரம் வெட்டிய தோழி ஒருவர் சுங்கைப் பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். தேர்வு முடிந்ததும் பாட்டியையும் படத்தையும் அங்கே அழைத்துக்கொண்டு போகிறேன்.