புளி போட்டுத் தேய்த்த யானை

உங்கள் வீட்டில் யாராவது பழைய காசு சேர்க்கிறார்களா? அப்பா, சித்தப்பா, தாத்தா... யாராவது? இருந்தால், இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த ஆளே நீங்கள்தான் என்றால், கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் கடைசி வரி வரை வந்துவிடுங்கள். விஷயம் அப்படி.

எனக்குச் சொந்த ஊர் ராயக்கோட்டை. மேலே கோட்டை, கீழே தக்காளி மண்டி. அந்தக் கோட்டைக்காகத் திப்பு சுல்தான் ஆட்களும் கம்பெனிக்காரர்களும் 1791-ல் அடித்துக்கொண்டார்கள். இப்போது அடித்துக்கொள்வதெல்லாம் தக்காளி விலைக்காக மட்டும். விடியற்காலை மண்டியில் ஒரு கூடைக்குத் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கோபித்துக்கொண்டு, உருதுவில் சமாதானம் ஆவார்கள்.

அந்த மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என் மாமா. அம்மாவுக்கு அண்ணன். தக்காளி பத்து ரூபாய் விற்றாலும் ஒரு ரூபாய் விற்றாலும் அவர் முகம் மாறாது. யாராவது கருத்துப்போன ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்து நீட்டினால் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். சுற்றுவட்டாரத்தில் பழைய பித்தளை, செம்பு எடைக்கு வாங்குகிறவர்கள், உருக்கப் போடும் முன் மாமாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் போவார்கள். சுருக்குப்பைக் கிழவிகளின் ஓட்டைக் காலணா, விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், திப்புவின் யானைக் காசு... எல்லாம் அவருடைய பிஸ்கட் டின்களில் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு காசையும் மண்டி ரசீதின் பின்பக்கத்தைக் கிழித்துப் பொட்டலமாக மடித்து வைப்பார். மேலே பொடி எழுத்தில் எழுதியிருக்கும். என்றைக்கு வந்தது, யார் கொடுத்தது, எந்த ஊர், என்ன விலை, எந்த அக்கசாலையில் அடித்தது. நான் கிருஷ்ணகிரியில் பி.காம். படித்தேன். ‘வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை’ என்பதை வாத்தியாரிடம் கற்றுக்கொண்டதைவிட அந்தப் பொட்டலங்களில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

2010-ல் ஒரு நாள் போன் செய்தார். ‘‘ஏம்பா, பொட்டலமெல்லாம் நஞ்சு போவுது. நீ எழுதற ஆளு. ஒரு ஞாயித்துக்கிழமை வந்தீன்னா எல்லாத்தையும் ஒரே நோட்டுல ஏத்திடலாம்.’’

‘‘பொங்கலுக்கு வர்றேன் மாமா’’ என்றேன். பொங்கலுக்குப் போகவில்லை. சித்திரையில் வருகிறேன் என்றேன். அதுவும் இல்லை. நம்முடைய வேலை அப்படி!

2011 ஜூன் 30-ம் தேதியோடு நாலணாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடுத்த மாதம், மண்டிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த மாமா அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நியாயமாகப் போன வருஷம் போயிருக்க வேண்டிய பொங்கல். அத்தை ஒரு பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். தட்டு நிறையக் காசு. அத்தனையும் பளபளவென்று, கண்ணைப் பறிக்கிறது.

‘‘உங்க மாமா உசுரா வெச்சிருந்தது. கருத்துப்போய்க் கெடந்துச்சு. மனசு கேக்கல. நாலு நாளா புளி போட்டுத் தேய்ச்சேன்’’ என்றார்.

‘‘அத்தை... பொட்டலமெல்லாம்?’’

‘‘அந்தக் குப்பையா? போகியில போட்டுட்டேன்.’’

என்ன சொல்ல? நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர், தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். ‘‘நல்லா இருக்குங்க அத்தை’’ என்றேன். தப்பு அவர் மேல் இல்லை. அந்தக் காகிதம் என்னவென்று மாமா அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். நான் வரவில்லை.

பெங்களூரில் ஒரு நாணயக் கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. ‘‘யார் சார் கழுவினது?’’ என்றார். நூறு, இருநூறு வருஷமாகச் செம்பின் மேல் படிந்திருக்கும் அந்தக் கருப்புதான் காசுக்கு வயசுச் சான்றிதழ். புளியின் அமிலம் அதை உரித்ததோடு, எழுத்தின் விளிம்பையும் கொஞ்சம் தின்றுவிடும். பிறகு அவர் கேட்டார்: ‘‘இந்த யானை எந்த ஊர்ல கெடைச்சது?’’ அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இருந்த பதில் போகியில் புகையாகிப்போயிருந்தது.

திப்புவின் செப்புக் காசு ஒன்றும் கோடி பெறாது. ஏராளமாக அடித்தவை. ஆனால், திப்பு தன் ஆட்சியின் நடுவில் புதிதாக ஒரு ஆண்டுக் கணக்கையே கொண்டுவந்தார், அந்த எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், யானைக்குப் பின்பக்கம் அக்கசாலையின் பெயர் இருக்கும் என்றெல்லாம் மாமா ஒவ்வொன்றாகப் படித்து எழுதியிருந்தார். எந்த அக்கசாலைக் காசு எந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் அந்தப் பொட்டலங்களின் கதை. அதற்கு எந்தக் கடையிலும் விலை இல்லை; திரும்ப வாங்கவும் முடியாது.

அடுத்த கூத்து, பங்கு பிரித்தது. மாமாவுக்கு ஒரு பையன், இரண்டு பெண்கள். எது என்ன விலை என்று யாருக்கும் தெரியாததால், வெள்ளி தனி, செம்பு தனி என்று பிரித்து, எடை போட்டுப் பகிர்ந்தார்கள். தக்காளி மாதிரி! அதோடு முடிந்ததா? சில வருஷம் கழித்து வாட்ஸ்அப்பில், ‘இந்த ஒரு ரூபாய் உங்களிடம் இருந்தால் லட்சாதிபதி’ என்று ஒரு தகவல் வந்தது. அந்தக் காசு அண்ணன் பங்கில் போனதா, தங்கை பங்கில் போனதா என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டு குடும்பமும் ஒரு கல்யாணத்தில் எதிரெதிர் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் அளவுக்கு வளர்ந்தது. தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்குவதாகக் கமிஷன் கேட்கும் ஆசாமிகளை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. எங்கள் வீட்டில் அந்த எச்சரிக்கை கொஞ்சம் லேட்.

இது ராயக்கோட்டைக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சிகாகோவில் விர்ஜில் பிராண்ட் என்று ஒரு பீர் கம்பெனிக்காரர். மூன்று லட்சத்துக்கு மேல் நாணயம் வைத்திருந்தார். வாங்கியதையெல்லாம் பேரேட்டில் கையால் எழுதி வைத்தவர், உயிலை மட்டும் எழுதவில்லை. 1926-ல் இறந்தார். தம்பிகள் இரண்டு பேருக்கும் தகராறு. அந்தச் சேகரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, 1980-களில்கூட ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தது.

நல்ல உதாரணமும் உண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த சர் வால்டர் எலியட், தென்னிந்தியக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் தன் நாணயங்களைப் பற்றிய புத்தகத்தை முடித்தார். 1886-ல் புத்தகம் வந்தது. 1887-ல் அவர் போய்ச் சேர்ந்தார். காசுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன என்பது நமக்கு வருத்தம்தான். ஆனால், எது என்ன காசு என்று இன்றைக்கும் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

நம் காலத்தில், ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. ‘பெருவழுதி’ என்று தமிழ்-பிராமியில் எழுதிய செப்புக் காசை 1980-களில் அவர் வெளிக்கொண்டுவந்ததால்தான், சங்ககாலப் பாண்டியன் தன் பெயரைப் போட்டுக் காசு அடித்தான் என்பது உறுதியானது. 2021-ல் அவர் காலமானார். அவர் படித்த எழுத்து புத்தகமாக நிற்கிறது. புளி அதை ஒன்றும் செய்யாது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? பி.காம். காரன் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒரு நோட்டு. இது என்ன காசு, எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினது? ரசீது இருந்தால் கூடவே ஒட்டி வையுங்கள். நம் நாட்டில் இறந்தவர் சொத்துக்குப் போடும் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால், வாரிசு அதை விற்கும்போது லாபத்துக்கு வரி உண்டு. அந்த லாபத்தைக் கணக்குப் போட, நீங்கள் வாங்கிய விலை தேவை. ‘பூஜையில் வைக்கிற காசு, சொந்த உபயோகப் பொருள்’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். தோல்பூர் மகாராஜா தங்கக் காசுக்கும் வெள்ளி ரூபாய்க்கும் அப்படித்தான் வாதாடினார். முடியாது என்று 1976-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

அடுத்தது உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். உங்கள் கையெழுத்தும், இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் முக்கியம். பங்கு வாங்குகிறவரைச் சாட்சியாகப் போட வேண்டாம். பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தால் நல்லது. உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அம்மா எல்லோருக்கும் சம பங்கு. தராசு அங்கேதான் உள்ளே வரும்.

பையன் அமெரிக்காவில் இருக்கிறான், அவனுக்குத்தான் என்கிறீர்களா? நூறு வயசைத் தாண்டிய நாணயம் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதைப் பெட்டியில் போட்டு விமானம் ஏற முடியாது. மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ம் வருஷச் சட்டம். அதனால் ‘எங்கே வாங்கினது’ என்பது கௌரவத்துக்கு மட்டும் இல்லை, காபந்துக்கும்தான்.

யாருக்கும் ஆர்வம் இல்லையா? நீங்கள் நல்லபடியாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். எந்தக் காசு என்ன பெறும் என்று வீட்டிலேயே அதிகம் தெரிந்தவர் நீங்கள்தானே? அல்லது மியூசியம். கிருஷ்ணகிரியில் 1993-லிருந்து அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் இருக்கவே இருக்கிறது. மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகாமல், பட்டியலைக் காட்டி ‘எது வேண்டும்’ என்று முதலில் கேளுங்கள். கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் இருப்பவர்களிடம் வாய் திறந்து பேசுங்கள். ‘எதையும் கழுவாதே, காகிதத்தைத் தூக்கிப்போடாதே’ - இந்த இரண்டே விஷயத்தை மாமா அத்தையிடம் சொல்லியிருந்தால் போதும்.

என்னிடமும் இப்போது அறுநூறு காசு சேர்ந்துவிட்டது. மாமன் புத்தி! ஊருக்கு உபதேசம் செய்யும் நான், நோட்டுப் போட்டது போன மாதம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். காசில் அவளுக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. பரவாயில்லை, கையெழுத்து நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு அத்தை தட்டிலிருந்து எடுத்து என் கையில் வைத்த ஒரு யானைக் காசு அதில் உண்டு. இத்தனை வருஷத்தில் அது மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்க ஆரம்பித்திருக்கிறது. மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

‘‘ஏம்ப்பா, இது அழுக்கா இருக்கே... தேய்ச்சு வெக்கட்டுமா?’’

பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். மாமா, பொட்டலம், போன் செய்த ஞாயிற்றுக்கிழமை, போகி, தராசு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, கவர் மேல் அவளே எழுதினாள்:

‘ராயக்கோட்டை. தாத்தா சேர்த்தது. பாட்டி தேய்த்தது. கழுவக் கூடாது.’

எந்த அக்கசாலை என்கிற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.