துறைமுகமும் தொழிற்கல்வியும்

ஒரு காலத்தில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டைகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அவர்களுள் தமிழர்களும் பலர். ஒரு கப்பலின் சரக்கை இறக்கி முடிக்கப் பல நாள்கள் ஆயின. 1972ஆம் ஆண்டு தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அதன்பின், மூட்டை சுமந்தோரின் வேலையைப் பாரந்தூக்கிகள் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டன.

இன்று ஓட்டுநரின் இருக்கையும் காலியாகி வருகிறது. 2022ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில், ஓட்டுநர் இல்லாத மின்வாகனங்கள் கொள்கலன்களை ஏற்றிச் செல்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் ஒருவரே பல இயந்திரங்களைக் கண்காணிக்கிறார்.

ஆனாலும், வாகனம் பாதி வழியில் நின்றுவிட்டால் மனிதர்தான் வரவேண்டும். கோளாறு மின்கலத்திலா, உணர்கருவியிலா, கணினி நிரலிலா என்று அவர் கண்டறிய வேண்டும். முன்பு தோள்வலிமையைக் கேட்ட வேலை, இப்போது தொழில்நுட்ப அறிவைக் கேட்கிறது.

அந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடாது. இருபது ஆண்டுகள் வாகனம் ஓட்டியவர், குடும்பப் பொறுப்புகளுக்கிடையே மீண்டும் வகுப்பறையில் அமர்வது எளிதன்று. வேலை பறிபோன பிறகு கற்கத் தொடங்கினால், வருமானமும் இருக்காது. மனத்தில் தெம்பும் இருக்காது. வேலையில் இருக்கும்போதே கற்க நேரமும் உதவியும் கிடைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின் நோக்கமும் இதுவே.

தொழிற்கல்வியை மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பாதை என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் ஓடவைப்பவர் அந்தப் பாதையில் படித்தவரே. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அந்த அணையைக் கட்டும் இடம் வகுப்பறையும் பட்டறையும்தாம்.