அந்தப் பையன் சொன்னதுதான் சரி

உத்திரமேரூர் பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞனைப் பற்றி ஒன்றரை வருடமாகப் பொய் சொல்லிவருகிறேன். "அவன் கடைக்குப் போயிடாதீங்க, எனக்கே பழைய பேட்டரியைத் தலையில கட்டிட்டான்" என்று டீக்கடையில், கல்யாண வீட்டில், ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அவன் பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவன். அவன் என்னை ஏமாற்றவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். அதிலிருந்த பேட்டரிக்கு ஐந்து வயதாகிவிட்டது. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கும். ஹாரனும் கம்ம ஆரம்பித்திருந்தது. கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பையன் பானெட்டைத் திறந்தான், பழைய பேட்டரியின் மேலிருந்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தான், உள்ளே போய் 65 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்தான். ரேக்கில் 35 ஏ.ஹெச். ஒன்று இருந்தது. விலை 2,400 ரூபாய் குறைவு. அதையே கொடு என்றேன்.

"சார், அது சின்ன பெட்ரோல் வண்டிக்குப் போடறது. உங்களது டீசல். வேணாம் சார்."

நான் அவனுக்கு மறுபடியும் பாடம் எடுத்தேன். ரெண்டும் 12 வோல்ட்தானே? செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று விநாடிதானே இழுக்கும்? அவனுடைய பில் புத்தகத்தின் பின்னட்டையிலேயே எழுதிக் காட்டினேன். 200-ஐ 3-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்தால் 0.17 ஏ.ஹெச். 35-இல் அது எந்த மூலைக்கு?

பெருக்கலும் வகுத்தலும் சரிதான். ஆனால் அது அந்த இடத்துக்கான கணக்கே அல்ல. ஏ.ஹெச். என்பது பேட்டரி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வது. ஒரே மூச்சில் எவ்வளவு மின்னோட்டத்தைத் தள்ளும் என்பது வேறு விஷயம். அதைப் பிடித்து இழுப்பது அகமின்தடை. சின்ன பேட்டரியில் தகட்டின் பரப்பு குறைவு, அதனால் அகமின்தடை அதிகம். சார்ஜ் குறைந்த பேட்டரியில் அது 0.02 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர் ஓடும்போது உள்ளேயே 4 வோல்ட் போய்விடும். 12-இல் மிச்சம் எட்டு வோல்ட். பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி இருக்கிறது. டீசலுக்கு அது கிடையாது. காற்றை 16 மடங்கு, 20 மடங்கு என்று நசுக்கி, அந்தச் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். போதாததற்கு ஹீட்டர் பிளக் வேறு மின்சாரம் கேட்கும். சில பேட்டரிகளின் மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் போட்டிருப்பது இதற்காகத்தான். மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடி நேரம், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதன் அளவு அது.

அகமின்தடையை 27 வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளை அமிலத்தில் முக்கியதிலிருந்து தொடங்கி ஒரு முழு பீரியட் நடத்துவேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. 2,400 ரூபாய்க்காகச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பையில் பணம் இருந்தது. அரையாண்டுத் தேர்வில் என் பாடத்தில் தோற்ற பையன், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, "வேணாம் சார்" என்று எனக்குச் சொன்னான். அது பொறுக்கவில்லை. உண்மைக் காரணம் அவ்வளவுதான்.

அவன் இன்னொரு முறையும் சொன்னான். "முனை மெலிசா இருக்கு சார், உங்க வண்டி கிளாம்ப் இறுகாது." நான் கேட்கவில்லை. வாரண்டி கார்டில் டீசல் வண்டி என்று எழுதினால் கம்பெனிக்காரன் நாளைக்கு கிளைம் தரமாட்டான் என்றான். வண்டி விவரம் எழுதாமல் விடு என்றேன். விட்டான். வீட்டில் நானே மாட்டினேன். கிளாம்ப் ஆடியது. பால் பவுடர் டப்பாவின் தகரத்தை ஒரு விரல் அகலம் வெட்டி, முனையைச் சுற்றிச் செருகி முடுக்கினேன். பேட்டரி ட்ரேயில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதில் ஒரு கட்டையை அடைத்து சைக்கிள் டியூபால் கட்டினேன்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே விடச் சொன்னான், பில்லில் கழித்துக்கொள்வதாக. காயலான் கடைக்காரர் 300 ரூபாய் கூடத் தருவார் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்த ஆள் ஈயத்துக்கு மட்டும்தான் எடை என்று சொல்லி, என் வேலியோரமாகவே பேட்டரியைக் கவிழ்த்தார். அமிலம் மண்ணில் விழுந்து வெள்ளையாக நுரைத்தது. ஆவி மூக்கை அறுத்தது. பத்தடி தள்ளி ஏரிக்குப் போகும் வரத்துக்கால். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தில் அறுகம்புல் கருகிப்போய், அடுத்த மழைக்காலம் வரை முளைக்கவில்லை. அந்த அமிலத்தோடு போன ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். பழைய பேட்டரியை உரிய இடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி போட்டது, 2022-இல் புதிய விதிகளும் வந்துவிட்டன. நான் இதையும் அறிந்தவன்.

ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் பிள்ளைகளை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் முதலாம் பராந்தகனின் கல்வெட்டைக் காட்டுவேன். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரைப் பிரித்த முப்பது குடும்பு, குடவோலைத் தேர்தல், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் என்று விரல் வைத்து வாசிப்பேன். ஏரிக்கென்று ஆள் தேர்ந்தெடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஏரிக்குப் போகும் வரத்துக்காலின் ஓரத்தில் 300 ரூபாய்க்கு அமிலம் ஊற்றவிட்டேன்.

அந்த மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை நாலு மணி. எங்களோடு இருக்கும் என் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. எங்கள் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் அரசு மருத்துவமனை ஒன்பது கிலோமீட்டர். அக்காவைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு சாவியைத் திருப்பினேன். செல்ஃப் ஒரு தரம் முனகியது. பிறகு டக், டக், டக். டாஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. பத்து நாளாகப் பஜாருக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியதில் பேட்டரி சரியாக சார்ஜ் ஏறியிருக்கவில்லை. இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து தகரத்தை அமுக்கிப் பார்த்தேன். அக்கா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச அவளுக்கு மூச்சில்லை. 108-க்குப் போன் போட்டோம். அதற்குள் சொசைட்டிக்குப் பால் எடுக்கும் வண்டி வந்தது. கேன்களை இறக்கிவிட்டு அதில் ஏற்றினோம். நாற்பது நிமிடம் வீணானது. நாலு நாள் வார்டில் இருந்து பிழைத்து வந்தாள்.

வார்டு வாசலில் என் மனைவி கேட்டாள், "வண்டிக்கு என்னாச்சுங்க?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. ஆனால் மறுநாள் மைத்துனரிடம் யோசித்துத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அந்தப் பையன், கேள்விப்பட்டுத் தானாகவே வீட்டுக்கு வந்தான். மீட்டர் வைத்துப் பார்த்தான். தகரத்தை உருவி என் கையில் கொடுத்தான். 65 ஏ.ஹெச். பேட்டரியைப் பொருத்தி, கிளாம்பை முடுக்கி, முனையில் வேசலின் தடவிவிட்டு, விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டான். சின்ன பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொண்டதில் அவனுக்குத்தான் நஷ்டம். அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. சொந்தக்காரர்களிடம் ஒன்று சொல்லியாகிவிட்டது, மாற்றிச் சொன்னால் என் மரியாதை போகும் என்று, கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். எங்கள் தெருவில் மூன்று பேர் பக்கத்தில் இருக்கும் கடையை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு போய் பேட்டரி வாங்கி வந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். ஒரு டிராக்டர் பேட்டரிக்கு ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். "உக்காருங்க சார்" என்று மட்டும் சொன்னான், வேலையைப் பார்த்தான். அக்காவிடம் அன்று இரவே சொன்னேன்.

நான் யாரிடமெல்லாம் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொன்னேனோ, அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் சொன்னது பொய். அவன் கடையில் வாங்குங்கள். பழைய பேட்டரியையும் அவனிடமே விட்டுவிட்டு வாருங்கள்.